சிவப்பு மைக்கு அடியில்

இந்த அவைக்குத் தலைமை தாங்குபவரும், நான் வாய் திறக்குமுன்பே கைக்கடிகாரத்தைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டவருமான சேர்ந்திசைப் பேரவையின் மாண்பமை தலைவர் அவர்களே! தலை நரைத்தும் தொண்டை நரைக்காத மூத்தோர்களே! அடுப்பங்கரையையும் அலுவலகத்தையும் ஒரு மாலைப்பொழுதுக்கு ஓரங்கட்டிவிட்டு இந்த அரங்கத்தை அலங்கரித்திருக்கும் தாய்மார்களே! பசை மணம் மாறாத புதுப் புத்தகத்தைப் பிரித்துப் பிடித்தபடி என் முதுகுக்குப் பின்னே நிற்கும் இருபத்துநான்கு பாடகர்களே! மேடையில் நாற்காலி போட்டும் ஏற மறுத்து, முன்வரிசையில், கொண்டையில் செருகிய பென்சிலோடு வீற்றிருக்கும் இந்த விழாவின் நாயகியே, எங்கள் பென்சில் அக்கா அவர்களே! அவருக்கு அருகே, மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் முப்பத்தைந்து ஆண்டுகள் ஈரத்தோடு மல்லுக்கட்டிய இரும்புப்பிடி அக்கா அவர்களே! உங்கள் ஒவ்வொருவரையும் ஒருமுறைக்கு இருமுறை வணங்குகிறேன். ஒன்று மரியாதைக்கு. மற்றொன்று, இனி நான் பேசப்போவதற்கு முன்கூட்டியே கேட்கும் மன்னிப்புக்கு.

எனக்குப் பன்னிரண்டு நிமிடம் ஒதுக்கியிருக்கிறார்கள். அழைப்பிதழில் என் பெயருக்கு எதிரே ‘வாழ்த்துரை’ என்று அச்சிட்டிருக்கிறார்கள். வாழ்த்தத்தான் வந்திருக்கிறேன். யாரை வாழ்த்துவது என்பதை மட்டும் என்னிடம் விட்டுவிடுங்கள்.

அங்கே நான்காம் வரிசையில் ஒரு நண்பர் விரலை நீட்டி ஏதோ கேட்கிறார். என்ன ஐயா? ‘அந்த வாளி எதுக்கு’ என்றா? நல்ல கேள்வி. மேடையோரம் ஒரு நீல வாளி இருக்கிறது. கூரை ஒழுகுகிறது என்று நினைத்திருப்பீர்கள். அரங்க மேலாளரும் மாலையில் என்னைக் கேட்டார், “சார், இது எதுக்குங்க? ஏற்கெனவே தரை தொடைச்சாச்சுங்களே” என்று. சொல்கிறேன். வாளிக்கும் ஒரு வாழ்த்துரை இருக்கிறது. அதன் முறை வரும்வரை பொறுத்திருங்கள்.

அன்பர்களே! இசை எங்கே பிறக்கிறது? மாடத்திலா? மண்டபத்திலா? மாணவர் வரிசையாக அமர்ந்து வாய்ப்பாடு ஒப்பிக்கும் வகுப்பறையிலா? நம் பென்சில் அக்காவின் இசை ஒரு மருத்துவமனையின் பின்கட்டில் பிறந்தது. அவர் அங்கே தையல்காரர். ஆயிரம் படுக்கைகளின் கிழிந்த விரிப்புகளை ஒட்டுப்போட்டுத் தைப்பது அவர் வேலை. கிழிசல் எங்கே என்று குறிக்க ஒரு பென்சில். கை ஒழியாதபோது அதைச் செருகிவைக்கக் கொண்டை. பட்டப்பெயர் வந்த வரலாறு அவ்வளவுதான். மாலையில் இசைப்பள்ளி, நான்கு ஆண்டுகள், கடைசி பெஞ்ச். பகலில் தையல் மேசை. அந்த மேசைக்கும் சலவைத் தொட்டிகளுக்கும் நடுவே ஒரு தடுப்புச் சுவர். அந்தச் சுவரின் பாதி உயரத்துக்கு மேல் கம்பி வலை. அந்த வலை வழியே வந்தது ஒரு பாட்டு!

அங்கே துவைத்த விரிப்பை இருவர் இருவராகப் பிழிவார்கள். ஒருத்தி ஒரு முனையை அசையாமல் பிடிப்பாள். மற்றவள் மறுமுனையை முறுக்குவாள். பிறகு இவள் முறுக்குவாள், அவள் பிடிப்பாள். முறுக்குகிறவளால் பாட முடியாது. அடிவயிற்றை இறுக்கி மூச்சை அடக்கினால்தான் நனைந்த துணி வழிக்கு வரும். ஆகவே பிடிக்கிறவள் பாடுவாள். பிடி மாறும் நொடியில் பாட்டும் கைமாறும். வரி முடிந்ததா என்று துணி பார்க்குமா? சொல் முடிந்ததா என்று தண்ணீர் காத்திருக்குமா? பாதிச் சொல்லில் இவளுக்குப் பாட்டு நிற்கும். மீதிச் சொல்லை அவள் எடுப்பாள்.

கேளுங்கள் அந்தப் பாட்டை. எனக்குக் குரல் கிடையாது, சொல்லிக்காட்டுகிறேன். ‘யாரு படுத்த விரிப்பு இது, எந்தி...’ நின்றுவிட்டது. எந்தி... என்ன? அந்தப் படுக்கையில் கிடந்தவர் எழுந்தாரா, இல்லையா? அரை நொடி. அந்த அரை நொடியில் அந்த வார்டு முழுவதும், வாசலில் காத்திருக்கும் உறவு முழுவதும் தொங்குகிறது! எதிர்முனையிலிருந்து வருகிறது மற்றவள் குரல்: ‘...ரிச்சுப் போனாரோ?’ அப்பாடா! எழுந்துதான் போயிருக்கிறார். ‘ஊரு பாக்க நடந்தாரோ, ஒறங்...’ மறுபடியும் நின்றது. ‘...கிப் போனாரோ?’

மெய்சிலிர்க்கிறதா? எனக்கு இந்த நிமிடம் சிலிர்க்கிறது. இருபத்தெட்டு ஆண்டுகள் சிலிர்க்கவில்லை. அதைச் சொல்லத்தான் வந்தேன்.

பென்சில் அக்கா அந்தப் பாட்டை வார்டு உணவுப் பட்டியல்களின் பின்பக்கத்தில் எழுதினார். அப்போது அவருக்கு வயது இருபத்தொன்பது. அந்த ஒரு பாட்டின் மூச்சிலிருந்து முழுநீளச் சேர்ந்திசை ஒன்றை எழுப்பினார், நான்கு குரற்பிரிவுகள், இருபது நிமிடம். பாட ஆள் வேண்டுமே! ஒரு தபால்காரர், இரண்டு செவிலியர், ஒரு பேருந்து நடத்துநர், சலவைக்கூடத்துப் பெண்கள் எட்டுப் பேர். பயிலிடம், மருத்துவமனையின் மரச்சாமான் கிடங்கு. வாரவிடுமுறை வந்தால் அவர் வீட்டில் இருந்ததில்லை. துறைமுகத்துக்குப் போனார், கயிறிழுக்கிறவர்கள் பாட்டை எழுதினார். கட்டடம் எழும் இடத்துக்குப் போனார், சாரத்தில் வரிசையாக நின்று செங்கல்லைக் கைமாற்றுகிறவர்களின் ஒரு சொல் ஆறு வாயில் உடைந்து ஏழாவது வாயில் முழுசாவதைக் கேட்டார், எழுதினார். ‘பாட்டு ஆளுகிட்ட இல்ல, ஆளுக்கும் ஆளுக்கும் நடுவுல இருக்கு’ என்பார். நாற்பத்தொரு படைப்புகள்! ஒவ்வொன்றிலும் அந்த நடுவை, அந்த இடைவெளியை, மூச்சுக்குறியாக, இசைத்தாளின் மேல் ஒரு சின்னக் கீற்றாக, பென்சிலால் போட்டார். பாடுகிறவர் இங்கே மூச்சு வாங்கு, அடுத்தவர் இங்கே எடு என்று பொருள்.

முதல் பதினோரு ஆண்டுகள் கைப்பிரதி பார்த்துத்தான் பாடினார்கள். அந்தக் கச்சேரிகளைக் கேட்டவர்கள் இந்த அவையிலேயே இருக்கிறீர்கள். கைதட்ட மறந்து உட்கார்ந்திருந்தோம் என்பீர்கள். பிறகு பேரவை அந்த இசையை அச்சில் ஏற்றியது. அன்று முதல் கைதட்டல் கூடியது. கண் கலங்குவது நின்றது.

ஏன் நின்றது?

ஏனென்றால், அச்சுக்குப் போகுமுன் அந்தத் தாள்களைச் சரிபார்க்கப் பேரவை ஓர் அறிவாளியை அமர்த்தியது. வயது இருபத்துநான்கு. இசையியலில் முதுகலை, பல்கலைக்கழகத்திலேயே முதலிடம், தங்கப் பதக்கம். அந்தப் பதக்கத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வேலைக்கு வந்த ஆள். அவன் கையில் ஒரு சிவப்பு மைப் பேனா. தாளைப் பார்த்தான். பதறினான். ‘என்ன கொடுமை, சொல்லின் நடுவில் மூச்சு வாங்கச் சொல்லியிருக்கிறாரே, ஒரு வரியை இரண்டு குரலுக்குப் பிய்த்துக் கொடுத்திருக்கிறாரே’ என்று பரிதாபப்பட்டான். மூச்சுக்குறியை எல்லாம் வரி முடிவுக்கு நகர்த்தினான். முழு வரியையும் ஒரே குரலுக்குக் கொடுத்தான். சிவப்பு மையில். இன்றுவரை மொத்தம் தொள்ளாயிரத்துப் பதினாறு இடங்களில்.

அந்த அறிவாளி எங்கே இருக்கிறான் என்று தேடாதீர்கள். ஒலிபெருக்கிக்கு முன்னால் நின்றுகொண்டிருக்கிறான்.

இல்லை அம்மா, ‘ஐயோ’ என்று சொல்லாதீர்கள். இன்னும் இருக்கிறது.

முதல் தாளைப் பார்த்ததும் பென்சில் அக்கா என் அறைக்கு வந்தார். வாசலிலேயே நின்று கேட்டார்.

“தம்பி, இது யாரு கை?”

“நான்தாங்க. மூச்சுக்குறி எல்லாம் தப்பான எடத்துல இருந்துச்சு. சரி பண்ணிட்டேன்.”

“சரி பண்ணிட்டியா! நீ என்னைக்காவது துணி புழிஞ்சிருக்கியா?”

“எங்க வீட்ல மெஷின் இருக்குங்க.”

அவர் சிரித்தார். “மெஷினு பாடுமா தம்பி?” என்று மட்டும் கேட்டார். நான் அதை நகைச்சுவை என்று எடுத்துக்கொண்டேன். அப்போதைய தலைவரிடம் முறையிட்டார். “படிச்ச பையன் பண்ணினதும்மா, கம்முனு இருங்க” என்று அவர் ஆறுதல் சொன்னார். அதன்பிறகு அக்கா பேசவில்லை. எழுதினார். ஒவ்வொரு புதுப் படைப்பையும் பென்சிலில் எழுதி என் மேசைக்கு அனுப்பினார். ஒவ்வொன்றையும் நான் சிவப்பில் ‘திருத்தினேன்’. இருபத்தெட்டு ஆண்டுகள் அவர் அலுக்கவில்லை, நானும் திருந்தவில்லை.

தலைவர் அவர்கள் ஒரு துண்டுச்சீட்டு அனுப்பியிருக்கிறார்கள். ‘நேரம்’ என்று எழுதியிருக்கிறது. ஒரே சொல், அதுவும் முழுச்சொல், நடுவில் மூச்சு வாங்கவே இல்லை. நன்றி ஐயா. சட்டைப்பையில் வைத்துக்கொள்கிறேன். பதக்கம் இருந்த இடம் காலியாகத்தான் இருக்கிறது.

எப்போது விழித்தேன் என்று கேட்க மாட்டீர்களா? போன குளிர்காலத்தில். எங்கள் வீட்டுச் சலவை இயந்திரம் படுத்துவிட்டது, உள்ளே ஓர் இரட்டைக் கம்பளியை விழுங்கிவிட்டு. என் மனைவி குளியலறையிலிருந்து கூப்பிட்டாள்.

“ஏங்க, தங்கப்பதக்கம்! வந்து ஒரு முனையைப் புடிங்க.”

பிடித்தேன். நானும் முறுக்கினேன். கம்பளி வழுக்கித் தொட்டியில் விழுந்து இருவரையும் குளிப்பாட்டியது.

“ரெண்டு பேரும் முறுக்குனா எப்படிங்க? நான் முறுக்குறப்ப நீங்க சும்மா புடிங்க. வாயி சும்மா இருக்காதுன்னா பேசிக்கிட்டே புடிங்க.”

பேசிக்கொண்டே பிடித்தேன். எதைப் பேசினேன்? பேரவைக் கூட்டத்தைப் பற்றிப் புலம்பினேன். “அந்தத் தலைவர் இருக்காரே, அவரு ஒரு சரியான...” அந்த இடத்தில் என் முறை வந்துவிட்டது. முறுக்க வேண்டும். மூச்சை அடக்கினேன். சொல் நின்றது. எதிர்முனையிலிருந்து என் மனைவி வாக்கியத்தை முடித்தாள். என்ன சொல்லி முடித்தாள் என்பதைச் சபை நாகரிகம் கருதித் தவிர்க்கிறேன்.

சிரியுங்கள், தலைவரும் சிரிக்கிறார், நல்லது. ஆனால் நான் சிரிக்கவில்லை. என் வாக்கியத்தை என் மனைவி முடித்துவைப்பது எங்கள் வீட்டில் புதிதல்ல. அன்றோ, என் மூச்சு நின்ற இடத்தில் அவள் எடுத்தது எனக்கு அக்காவின் பாட்டாகக் கேட்டது. கம்பளியை விட்டுவிட்டேன். “என்னங்க ஆச்சு? நெஞ்சு வலியா?” என்று அவள் பதறினாள். “இல்ல. தொள்ளாயிரத்துப் பதினாறு தப்பு” என்றேன். ஈரச்சட்டையோடு பேரவைக்கு ஓடினேன். அலமாரியைத் திறந்தேன். கையெழுத்துத் தாள்களை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தேன். என் சிவப்பு மைக்கு அடியில், அழியாமல், அசையாமல், அந்தப் பென்சில் கீற்றுகள் அப்படியே இருந்தன! அவர் பென்சிலில் எழுதினார்; பாடுகிறவர் உடம்பு வேறாக இருந்தால் மாற்றிக்கொள்ளட்டும் என்று இடம் விட்டார். நான் மையில் எழுதினேன். யாருக்கும் இடம் விடவில்லை.

இந்த மேசைமேல் பொன்னிற நாடா கட்டி இருக்கிறதே, அக்காவின் முழுத் தொகுப்பு, முந்நூறு பிரதிகள், அது என் சிவப்பு மையோடு அச்சாகப்போகிறது என்று அறிந்து, பேரவைக்கு மூன்று கடிதங்கள் எழுதினேன். மூன்றாவதற்குப் பதில் வந்தது. மனப்பாடமாகச் சொல்கிறேன். ‘மூச்சுக்குறிகள் தகுதி வாய்ந்த வல்லுநர் ஒருவரால் செம்மைப்படுத்தப்பட்டவை ஆதலால், அவற்றை மாற்றுவதற்கில்லை.’

வல்லுநர் யார்? நான். மாற்றச் சொல்வது யார்? நான். என் அறியாமையைச் சட்டமாக்கி, அந்தச் சட்டத்தைக் காட்டி என் அறிவை வாசலில் நிறுத்தினார்கள்! இதற்குக் கோபப்படக் கூடாதா? நான் குரலை உயர்த்தவில்லை, கவனியுங்கள். உயர்த்த மாட்டேன். இந்தக் கோபம் கொதித்து அடங்குகிற கோபமல்ல, உறைந்துபோன கோபம். முதலில் என்மேல். பிறகுதான் பிறர்மேல்.

அக்காவிடம் போய்ச் சொன்னேன். தைத்துக்கொண்டிருந்தார். நூலைப் பல்லால் கடித்து அறுத்துவிட்டுச் சொன்னார். “புத்தகம் வர்றதுன்னா வரட்டும் தம்பி. அது நான் எழுதினது இல்ல. அட்டையில என் பேரை மட்டும் எடுத்துடச் சொல்லு.”

நாற்பது ஆண்டுக்கு ஓராண்டு குறைவான உழைப்பு! நாற்பத்தொரு படைப்புகள்! அதன் அட்டையிலிருந்து தன் பெயரை எடுக்கச் சொல்கிறார், பெற்ற தாய்! அந்தக் கோரிக்கைக்கும் பதில் இல்லை. அட்டையில் பெயர் இருக்கிறது. பாட்டில் அவர் இல்லை. இன்னும் சிறிது நேரத்தில் நாடாவை வெட்டுவார்கள், பாடகர்கள் பதினேழாம் பக்கத்தைப் பார்த்து, வரி முழுவதையும் ஒரே மூச்சில், ஒழுங்காக, உயிரில்லாமல் பாடுவார்கள், நாம் கைதட்டுவோம். அப்படித்தானே நிகழ்ச்சி நிரல்?

அன்பர்களே, இப்போது வாளி.

மருத்துவமனை விரிப்பு ஒன்றை மாலையிலிருந்து ஊறப்போட்டு வைத்திருக்கிறேன். பென்சில் அக்கா, இரும்புப்பிடி அக்கா, காலில் விழுந்து கேட்கிறேன், மேடைக்கு வாருங்கள். வருகிறார்களா? வருகிறார்கள்! படியில் கைகொடுங்கள் யாராவது. தலைவர் அவர்களே, நாற்காலியைச் சற்றே பின்னுக்கு இழுத்துக்கொள்ளுங்கள், காலணி நனையும். என்ன ஐயா? ‘விழாவைக் கெடுக்கறீங்க’ என்கிறார். ஆமாம் ஐயா. இருபத்தெட்டு வருஷமாகப் பாட்டைக் கெடுத்தேன். ஒருநாள் விழாவையும் கெடுத்துப் பார்க்கிறேனே.

ஒலிபெருக்கியை அவர்கள் பக்கம் திருப்புகிறேன், முதலில் வாய் திறப்பவர் இரும்புப்பிடி அக்கா. கேளுங்கள்.

“ஏண்டி, எழுபத்தாறு வயசுல என்னை மேடையில துணி புழிய வெக்கிற!”

“நானா வெச்சேன்? இந்தப் பதக்கக்காரன் வெக்கிறான். புடி அக்கா, பேசாம.”

“புடிச்சேன். உன் பக்கம் தொங்குது பாரு. தையல்காரிக்குப் புழியத் தெரிஞ்சாத்தானே!”

தொடங்கிவிட்டார்கள். நான் ஒதுங்கிக்கொள்கிறேன்.

கேட்டீர்களா! கேட்டீர்களா அந்த ‘எந்தி...’யை! இரும்புப்பிடி அக்கா நிறுத்தினார், அரங்கமே நின்றது. ஆயிரம் பேர் மூச்சைப் பிடித்தீர்கள். நான் இங்கிருந்து பார்த்தேன். பென்சில் அக்கா எடுத்தார், ஆயிரம் பேரும் விட்டீர்கள். எந்தப் பல்கலைக்கழகம் இதைச் சொல்லித்தரும்? பாடகர்களே, ஏன் பார்த்துக்கொண்டு நிற்கிறீர்கள்? புத்தகத்தை மூடுங்கள்! இடப்பக்கம் பன்னிருவர் பிடியுங்கள், வலப்பக்கம் பன்னிருவர் முறுக்குங்கள்! துணி வேண்டாம், அவர்கள் கையைப் பாருங்கள், போதும். ஆ! இதோ! இதுதான் அவர் எழுதியது! இந்த இசையை அதன் சொந்த மூச்சோடு நான் கேட்பது இதுவே முதல்முறை. நான்தான் அதன் ‘வல்லுநர்’!

தண்ணீர் மேடை முழுவதும் ஓடுகிறது. மேலாளர் மன்னிக்க வேண்டும்.

இதோ, பென்சில் அக்கா விரிப்பை வாளியில் போட்டுவிட்டுக் கையைத் துடைத்துக்கொள்கிறார். மேசைக்கு வருகிறார். நாடாவை அவரே அவிழ்க்கிறார். வெட்டவில்லை, தையல்காரர் அல்லவா, முடிச்சை அவிழ்க்கிறார். கொண்டையிலிருந்து பென்சிலை உருவித் தலைவரிடம் நீட்டுகிறார். என்ன சொல்கிறார், கேளுங்கள்.

“பதினேழாம் பக்கம். ‘எந்தி’க்கு மேல. நீங்களே போடுங்க.”

தலைவர் என்னைப் பார்க்கிறார். என்னை ஏன் பார்க்கிறீர்கள் ஐயா, அவையைப் பாருங்கள். மறுபதிப்பு போடுவீர்களா என்று நான் இப்போது கேட்கவில்லை. அதைப் பொதுக்குழுவில், எழுத்தில், கேட்பேன். இப்போது ஒரு கீற்று. ஒரே ஒரு கீற்று.

போட்டுவிட்டார்!

அன்பர்களே, வாசலில் ஒரு மேசை போட்டிருக்கிறேன். அதில் முந்நூறு பென்சில்கள் இருக்கின்றன. பக்கவாரியாகக் குறிப்பும் இருக்கிறது. புத்தகம் வாங்குகிற ஒவ்வொருவருக்கும் ஒரு பென்சில். இந்த அரங்கத்தின் கதவு மூடும்வரை, நடை சாத்தும்வரை, நான் அங்கேயே உட்கார்ந்திருப்பேன்; என் கையால் செய்த ஒவ்வொரு பிழையையும் என் கண் முன்னால் நீங்கள் அடியுங்கள். ஒன்று விழுந்துவிட்டது. இன்னும் தொள்ளாயிரத்துப் பதினைந்து.

அக்கா, ஒரே ஒரு கேள்வி. அவை அறியக் கேட்கிறேன். அட்டை?

அட்டையைத் தடவிப் பார்க்கிறார். இரும்புப்பிடி அக்கா அவர் விலாவில் ஒரு குத்து விடுகிறார்.

“பேரு இருக்கட்டும் தம்பி.”

போதும். எனக்கு இது போதும். பன்னிரண்டு நிமிடத்தை இருபத்தைந்தாக இழுத்த என்னைப் பொறுத்த தலைவருக்கும், ஈரத்தில் நின்று பாடிய பாடகர்களுக்கும், அரை நொடி மூச்சை எனக்குக் கடன் கொடுத்த ஆயிரம் நெஞ்சங்களுக்கும் நன்றி. விடைபெறும் சொல்லை மட்டும் நான் தனியாகச் சொல்லி முடிக்கப்போவதில்லை. தனியாக முடித்தே பழகியவன் நான், இன்றோடு விட்டுவிடுகிறேன். பிடி உங்கள் கையில். நான் நிறுத்தும் இடத்தில் நீங்கள் எடுங்கள்.

வணக்...